நிமிர்ந்து நிற்க ஒரு கார்செட்

1

மகன் நேற்றுப் போன் செய்தான். அவனுக்குக் கல்யாணமாகி நாளையோடு ஒரு வருசம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னான். எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில்தான் விசயத்துக்கு வந்தான்.

"அம்மா, வரும்போது அதப் போட்டுட்டு வராத."

"எத?"

"அதான்... அந்தப் பட்டைய."

"ஏன்டா, நான் நிமிந்து நடக்கிறது ஒனக்குப் பிடிக்கலயா?"

"ஹெலன் ஒன் கால்ல விழணும்ங்கிறா. அதுக்குத்தான் சொல்றேன்." வைத்துவிட்டான்.

ஹெலன் என் மருமகள். இந்த ஊர் வெள்ளைக்காரப் பெண். பட்டை என்று அவன் சொன்னது என் கார்செட்டை. ஊரில் இதைப் படிக்கிற பொம்பளைகளுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. நெஞ்சுக்குக் கீழேயிருந்து இடுப்பெலும்பு வரைக்கும் உடம்பைச் சுற்றிக் கட்டுகிற கெட்டித் துணி. உள்ளே நெடுக எஃகுப் பட்டைகளை வைத்துத் தைத்திருப்பார்கள். முன்னால் கொக்கி, பின்னால் நாடா. நாடாவை இழுத்தால் இடுப்பு சிறுக்கும், முதுகு நிமிரும். இங்கே கல்யாணப் பெண்கள் வெள்ளைக் கவுனுக்குள்ளே கட்டிக்கொள்கிறார்கள். என் தங்கை அதற்கு இரும்பு ரவிக்கை என்று பேர் வைத்திருக்கிறாள். அவள் கதை பின்னால் வரும்.

நான் சின்னமனூர்க்காரி. வீட்டுக்காரர் போன பிறகு மகன் என்னை இங்கிலாந்துக்குக் கூட்டிவந்தான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மெதுவாகத்தான் எழுத வரும். நீங்களும் மெதுவாகப் படியுங்கள், ஒன்றும் ஓடிவிடாது.

2

எனக்கு உயரமான உடம்பு. என் வீட்டுக்காரர் குள்ளம். எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குக் கல்தூண் ஊன்றும்போது அவர் தலைக்குத் தோதாக ஊன்றினார். கவாத்து வெட்டுவது, கொடியைக் கம்பியில் கட்டுவது, கொத்து அறுப்பது எல்லாவற்றையும் நான் அந்தப் பந்தலுக்குக் கீழே வளைந்து நின்றுதான் செய்தேன். உயர்த்திக் கட்டலாம் என்று வருசா வருசம் சொல்வார். அவர் உயர்த்துவதற்குள் என் முதுகு பந்தலுக்குத் தோதாகிவிட்டது.

தங்கை ராசாத்தியும் குள்ளம்தான். பந்தலுக்குக் கீழே குதித்தாலும் அவள் தலையில் ஒரு இலை படாது. தேனியில் ஏலக்காய் வியாபாரி வீட்டில் வாக்கப்பட்டாள், பிறகு புருசனோடு லண்டனுக்கு வந்தாள். அறுபது வயசிலும் ஆணி அடித்த மாதிரி நிற்பாள்.

பாண்டி எனக்கு ஒரே மகன். ஆபீசில் அவனுக்கு ராஜ் என்று பேர். ராஜ் என்று கூப்பிட்டால் உடனே திரும்புகிறான். பாண்டி என்றால் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்குக் கொஞ்ச மாதம் முந்தி, ராசாத்தியும் வீட்டில் இருக்கும்போது, காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"அம்மா, மேடையில எங்கூடச் சித்தியும் சித்தப்பாவும் நிக்கட்டும். நீ முன்வரிசையில நல்ல நாற்காலியாப் போட்டு உக்காந்துக்க."

"ஏன், எனக்குக் கால் இல்லயா?"

ராசாத்தி முந்திக்கொண்டாள். "மாமா போய்ச் சேந்துட்டாகள்ல அக்கா. நம்ம பக்கம் அப்படிப்பட்டவுக மேடை ஏற மாட்டாக. பிள்ள அத யோசிக்கிறான்."

"சித்தி, அந்த மூடநம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது" என்றான் மகன்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. படிக்கவைத்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன். அவன் இன்னும் முடிக்கவில்லை.

"போட்டோவுக்காகத்தான் சொல்றேன். அம்மா எந்தப் போட்டோவுலயும் தரையத்தான் பாக்கும். கீழ எதையோ தொலச்சுட்டுத் தேடுற மாதிரி இருக்கும். காலம் பூரா சுவத்துல மாட்டி வைக்கிற படம்மா."

ராசாத்தி காப்பி டம்ளருக்குள் சிரித்தாள்.

"நிமிந்து நின்னா?" என்று கேட்டேன்.

"நிமிந்து நின்னா நீயே நில்லு. யாரு வேண்டாம்னா?"

ஆகாத காரியம் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை அது. நான் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

3

அந்த வாரம் ஹெலன் தன் கல்யாணக் கவுனை உடுத்திப் பார்க்கக் கடைக்குப் போனாள். துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். ஹெலன் எந்த நேரமும் தோளைத் தொங்கப் போட்டு நடக்கிற பெண். திரைக்குப் பின்னால் போனவள், கார்செட்டைக் கட்டிக்கொண்டு கோயில் தூண் மாதிரி வெளியே வந்தாள். எனக்கு வேண்டியது அதுதான் என்று அந்த நிமிசமே தெரிந்துபோயிற்று.

கட்டிவிட்டவள் பேர் ஷைனி. பேச்சைக் கேட்டதுமே மலையாளத்துக்காரி என்று கண்டுகொண்டேன். குமுளிக்குத் திராட்சைப் பெட்டி கொண்டுபோய் விற்றவள் நான். எனக்குக் கொஞ்சம் மலையாளம் வரும்.

"அம்மச்சி எவிடுன்னா?"

"சின்னமனூரு. கம்பம் தாண்டி."

"ஐயோ, நான் கட்டப்பனையாக்கும்! கம்பம்மெட்டு இறங்கினா நிங்ஙட ஊரல்லே?"

"ஊர்க்கதை அப்புறம் பேசலாம். எனக்கு இதுல ஒண்ணு வேணும். நிமித்துறதுக்கு."

அவள் என்னை முன்னும் பின்னும் சுற்றி வந்து, சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி பார்த்தாள். "கூன் போகாது அம்மச்சி. கட்டியிருக்கிற வரைக்கும் நேரே நிக்கும். அவுத்தா பழையபடிதான்."

"கட்டியிருக்கிற வரைக்கும் போதும்."

ஹெலன் ஓரத்தில் தொங்கிய மலிவுச் சரக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஷைனி அதை வாங்கி முழங்காலில் வைத்து மடக்கிக் காட்டினாள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் குச்சி மடிந்து, மடிந்த இடம் முள்ளாக நீட்டிக்கொண்டது. உடம்புச் சூட்டுக்கே அது மடியும், மடிந்தால் விலாவில் குத்தும் என்றாள். எஃகு வளையும், திரும்ப நிமிரும். எஃகுதான் வாங்க வேண்டும்.

மாருக்குக் கீழே ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று, இடுப்பெலும்பில் ஒரு சுற்று அளந்தாள். பிறகு உட்காரவைத்து, மாருக்குக் கீழேயிருந்து மடி வரைக்கும் அளந்தாள். இதை விட்டுவிடக் கூடாது. நின்றபடி மட்டும் அளந்து வாங்கினால், உட்காரும்போது கீழ்முனை தொடையில் இடிக்கும், மேல்முனை மாரைத் தூக்கும். இடுப்பைச் சிறுக்க வைக்கிறவர்கள் கொஞ்சம் குறைச்சலான அளவில் எடுப்பார்கள். என் வயசுக்கு அது ஆகாது என்று உடம்பளவுக்கே எடுத்தாள்.

அளக்கும்போது என் இடுப்பைச் சுற்றிப் பாவாடை நாடா பதிந்த கறுப்புத் தடத்தை ஹெலன் பார்த்துவிட்டாள். சேலை கட்டுகிற எவளுக்கும் உள்ள தடம்தான். அவள் விரலை வைத்துத் தொட்டு, வலிக்குமா என்று கேட்டாள். கண்ணெல்லாம் கலங்கிப்போயிற்று. எஃகுப் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறவள், என் நாடாவைப் பார்த்து இரக்கப்படுகிறாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. அதுக்கு முன்ன தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் ஷைனி.

4

இந்த ஊரில் டாக்டரைப் பார்க்கக் காலையில் எழுந்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பாட்டுப் போடுவார்கள். பாட்டு நின்றால் ஒரு பெண் வந்து, உனக்கு என்ன என்று கேட்பாள். அவளுக்குத் திருப்தியானால்தான் டாக்டர். மூன்றாம் நாள் அவளுக்குத் திருப்தியாயிற்று.

டாக்டருக்கும் எனக்கும் நடுவில் பேச, போனில் ஒரு தமிழரைப் பிடித்துக் கொடுத்தார்கள். இலங்கைத் தமிழர். டாக்டர் என் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தார்.

"அம்மா, பிரஷர் இருக்கோ, குடலிறக்கம் இருக்கோ, படியேறினால் மூச்சு முட்டுமோ எண்டு டொக்டர் கேக்கிறார்" என்றது போன்.

"ஒண்ணும் இல்ல. சர்க்கரை மட்டும் இருக்கு."

"இந்த வயசிலை என்னத்துக்கு அம்மா இதைக் கட்டப் போறியள்?"

"இது டாக்டரு கேக்குறாரா, நீங்க கேக்குறீகளா?"

"நான்தான் கேட்டனான்."

"அப்ப நீங்க டாக்டரு கேக்குறத மட்டும் கேளுங்க தம்பி."

எலும்பு நொறுங்கவில்லை, பழக்கத்தில் வளைந்த முதுகுதான் என்றார் டாக்டர். இறுக்காமல் கொஞ்ச நேரம் கட்டலாம். மூச்சு முட்டினாலோ, கால் மரத்தாலோ, நெஞ்சு எரிந்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். சர்க்கரை உள்ள உடம்பு என்பதால் அவிழ்த்த பிறகு தோலைத் தினம் பார்க்க வேண்டும். புண் ஆனால் ஆறாது.

இத்தனையும் கேட்டுக்கொண்டு போய் ஷைனியிடம் கார்செட்டை வாங்கி வந்து, முதல் நாளே தப்புப் பண்ணினேன். பதிமூன்று வயசிலிருந்து நான் எழுந்ததும் முதலில் கட்டுகிறது பாவாடைதான். அதை இழுத்து முடிச்சுப் போடாவிட்டால் அம்மணமாக நிற்கிற மாதிரி இருக்கும். அதனால் பாவாடையைக் கட்டி, அதற்கு மேலே கார்செட்டைக் கட்டினேன். இடது பக்கம் சுருக்கென்றது. நிமிர்வதற்கு இந்த வலிகூட இல்லாமல் எப்படி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலைந்து நாள் அப்படியே கட்டினேன். பிறகு பாவாடை புண்ணோடு ஒட்டிக்கொண்டது.

கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "ஒன் கம்பி என்னக் குத்திக் கிழிச்சிருச்சுடி."

ஷைனி அவிழ்த்துப் பார்த்தாள். நாடா முடிச்சு எஃகுக்கும் சதைக்கும் நடுவில் மாட்டி, புளியங்கொட்டை அளவுக்குக் குழி பறித்திருந்தது.

"கம்பியல்ல அம்மச்சி, இது நிங்ஙட முடிச்சு. கார்செட்டுக்கு அடியில முடிச்சு போடுற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்." அடுத்திருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

புண் ஆறுகிற வரைக்கும் கட்டக் கூடாது என்றாள். கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ராசாத்தி மேடைக்குப் பட்டுச்சேலை எடுத்து, அதைப் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பினாள். கரை நன்றாக இருக்கிறதா அக்கா என்று கேட்டிருந்தாள். நான் தினம் புண்ணைக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு வழியாகக் காய்ந்தது.

பிறகு முறையாகக் கட்டப் பழகினேன். முதலில் மெல்லிய பருத்திப் பனியன், சுருக்கமில்லாமல். அதற்கு மேல் கார்செட். பின்னால் நாடாவை நன்றாகத் தளர்த்திக்கொண்டுதான் முன்கொக்கியை மாட்ட வேண்டும். மேலேயிருந்தும் கீழேயிருந்தும் இடுப்பை நோக்கி இழுத்து வர வேண்டும். மேல்விளிம்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பாவாடையை அதற்கு மேலே, இறக்கி, இறுக்காமல் கட்ட வேண்டும். முதலில் ஒரு சோறு வடிக்கிற நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கட்டக் கூடாது. கட்டிக்கொண்டு தூங்கவே கூடாது.

கட்டியிருக்கும்போது இடுப்பை வளைத்துக் குனிய வராது. கீழே கிடப்பதை எடுக்க வேண்டுமென்றால், முதுகு நேராக இருக்க, முட்டியை மடக்கித் தராசுத் தட்டு மாதிரி இறங்க வேண்டும். ஒரு கரண்டியைத் தரையில் போட்டுப் போட்டு எடுத்துப் பழகினேன். வீட்டில் இழுத்துவிட ஆள் இல்லை. மகனிடம் கேட்க மனமில்லை. நாடாவின் வளையத்தைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தேன். முளையில் கட்டிய மாடு இழுக்கிற மாதிரி இழுத்தேன். நிமிர்ந்தேன்.

ஒரு நாள் அப்படியே அடுப்படியில் போய் நின்றேன். மகன் திரும்பிப் பார்த்தான். அவன் தலைக்கு மேலே என் தலை இருந்தது.

"நிமிந்து நின்னா நீயே நில்லுன்ன" என்றேன்.

மேடையில் அம்மாவே நிற்கும் என்று ராசாத்திக்கு அவனே போன் பண்ணிச் சொன்னான்.

5

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையைப் பெற்றவள் காலில் விழுவார்கள். அவள் குனிந்து, தோளைத் தொட்டுத் தூக்கி, திருநீறு பூச வேண்டும். தொடுகிற வரைக்கும் எழக் கூடாது. தானாக எழுந்தால் ஆசீர்வாதம் இல்லை.

என் கல்யாணத்தில் என் மாமியார் என்னைத் தொடுவதற்கு முன், பந்தியில் இலை போதுமா என்று ஒருவரிடம் விசாரித்தார். பிறகு வெற்றிலையை மென்று, எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். சாணி மெழுகிய தரையில் மூக்கை வைத்து நான் கிடந்தேன். அந்த வீட்டில் யார் யாரென்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

6

கல்யாணத்தன்று காலையில் ராசாத்திதான் எனக்கு நாடா இழுத்தாள். நானாகக் கட்டிக்கொள்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

"மூச்ச விடுக்கா."

"போதும்டி."

"இன்னுங் கொஞ்சம். மேடை ஆசைன்னா சும்மாவா?" என் முதுகில் முட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். கண் இருட்டியது. விரலை மேல்விளிம்பில் நுழைத்துப் பார்த்தேன். நகம்கூடப் போகவில்லை.

"தளத்துடி. ரெண்டு விரல் போகணும்."

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கா பாரு இரும்பு ரவிக்கைக்காரி" என்று சொல்லித் தளர்த்தினாள்.

மண்டபத்தில் நான் அவன் பக்கத்தில் நின்றேன். உயரமாக நின்றேன். ஊரிலிருந்து வந்திருந்தவர்களுக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. போட்டோக்காரன் சொன்ன பக்கமெல்லாம் நேராகப் பார்த்தேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நல்ல ஒரு மணி நேரம் அது.

பிறகு மகனோடு வேலை பார்க்கிறவர்கள் மேடைக்கு வந்தார்கள். கையில் கிளாஸோடு வந்த ஒருவன் என்னைக் காட்டி, உன் அம்மாவா என்று கேட்டான். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். மகன் சிரித்துக்கொண்டே, "இன்றைக்கு மட்டும் இரும்பு போட்டு நிமிர்த்தி வைத்திருக்கிறோம்" என்றான். அவர்கள் நம்பவில்லை போலிருக்கிறது. கதவைத் தட்டுகிற மாதிரி விரல் முட்டியால் என் விலாவில் தட்டிக் காட்டினான். டொக் டொக். இன்னொருவன், நானும் தட்டலாமா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ராசாத்தி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

ஹெலன் மட்டும் சிரிக்கவில்லை. தட்டிய மகனின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

தாலி கட்டி முடிந்தது. என் காலில் விழச் சொன்னார்கள். இரண்டு பேரும் விழுந்தார்கள். திருநீற்றுத் தட்டு என் கையில் இருந்தது.

நான் நின்றேன்.

மேளம் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது, முடிந்தது. திரும்பவும் போடலாமா வேண்டாமா என்று போட்டவனுக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்து, நிறுத்திக்கொண்டார்கள்.

தரையிலிருந்து மகன் குரல் வந்தது. "அம்மா... தொடும்மா."

"நிமிந்து நிக்கணும்ல."

"அம்மா, எல்லாரும் பாக்குறாக."

அத்தனை வருசத்துக்குப் பிறகு அவன் வாயில் 'பாக்குறாக' என்று ஊர்ப்பேச்சு வந்தது அந்த ஒரு தரம்தான்.

"பாக்கட்டும். போட்டோவும் எடுக்கட்டும்."

"பாவம், அவளால குனிய முடியாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே ராசாத்தி ஓடிவந்தாள். புதுப் பட்டுச்சேலை கசங்கக் குனிந்து, மகனின் தோளைத் தொட்டுத் தூக்கினாள். போட்டோக்காரன் அந்த நேரத்தில் எடுத்தான். அந்தப் படத்தில் கூன் விழுந்த முதுகு அவளுடையது. நான் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மகன் நெற்றியில் கம்பளத்தின் வரிவரியான தடம் சிவப்பாகப் பதிந்திருக்கிறது.

ஹெலனையும் தூக்கப் போனாள். ஹெலன் எழவில்லை. அம்மா தொடுகிற வரைக்கும் எழக் கூடாது என்று அவளுக்கு மகனே சொல்லிக் கொடுத்திருந்தான். அவள் அப்படியே கிடந்தாள்.

நான் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். முதுகு நேராக இருக்க, முட்டியை மடக்கி, தராசுத் தட்டு மாதிரி மெல்ல இறங்கினேன். ஹெலனின் தோளைத் தொட்டு, கூடவே தூக்கிக்கொண்டு எழுந்தேன். திருநீறு பூசினேன்.

"தாயி, நல்லா இருப்ப" என்றேன்.

என்னால் இறங்க முடியும் என்று அப்போது எல்லாரும் பார்த்தார்கள். மகனும் பார்த்தான். அவன் நெற்றிக்கு ராசாத்திதான் திருநீறு பூசினாள்.

7

கல்யாணம் முடிந்து அவர்கள் தனிவீடு போய்விட்டார்கள். நான் பழைய வீட்டில் இருக்கிறேன். ராசாத்தி பேசுவதில்லை. மகன் மாதத்துக்கு ஒரு தரம் போன் செய்வான். உடம்பு எப்படி என்பான், மாத்திரை இருக்கிறதா என்பான், வைத்துவிடுவான். அவன் தட்டிய இடத்தில் எனக்கு வலி ஒன்றும் இல்லை. எஃகு இருந்ததல்லவா?

ஹெலன் அடிக்கடி வருவாள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கிறதாம், மாட்டியது அவள்தானாம். நான் முட்டி மடக்கி இறங்கி அவளைத் தூக்குகிற படம். அதில் அவனும் இருக்கிறானா என்று கேட்டேன். ஓரத்தில் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்கிறான் என்றாள். காலம் பூரா சுவரில் மாட்டி வைக்கிற படம் என்று அன்றைக்கு அவன்தானே சொன்னான்.

கார்செட்டைத் துவைக்கக் கூடாது, காற்றாட விட வேண்டும். இன்று காலையிலிருந்து அது நாற்காலி முதுகில் கிடக்கிறது. பனியன் காய்ந்துவிட்டது. நாடாவை நன்றாகத் தளர்த்தி வைத்துவிட்டேன். நாளைக்குக் காலையில் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு, கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுத்துக் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்.

ஹெலன் விழுந்தால் இறங்கித் தூக்குவேன். அவன் விழுந்தால், அப்போது பார்க்கலாம்.